எண்ணெய் குடித்த மண் குவளை

அம்மீட்டர் முள் அசையவே இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், அந்த முள்ளையே முறைத்துக்கொண்டு நின்ற அக்காவின் முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. வேதியியல் துறையில் நாங்கள் இருவர்தாம் பெண்கள், இருவருமே சோதனை வகுப்புகளில் உதவிக்கு நிற்கும் டெமான்ஸ்ட்ரேட்டர்கள். என்னைவிட மூத்தவர் என்பதால் அவர் எனக்கு அக்கா.

ஒரே கரைசலில் கலந்திருக்கும் செம்பையும் பிஸ்மத்தையும் மின்சாரத்தால் தனித்தனியே பிரித்துக் காட்டவேண்டும் என்பது அவர் பிடிவாதம். மின்னழுத்தம் கொஞ்சம் நழுவினாலும் இரண்டும் சேர்ந்து படிந்து கறுத்துப்போகும். அதற்கேற்ற கலம் எங்களிடம் இல்லை. “மெட்ராஸ்லேர்ந்து வரட்டும்” என்றே துறைத்தலைவர் காலத்தை ஓட்டினார். அக்கா காத்திருப்பாரா? அகன்ற கண்ணாடி ஊறுகாய் ஜாடிக்குள், செம்பு வந்து படிவதற்குப் பிளாட்டினம் வலையைத் தொங்கவிட்டார். அழுத்தத்தை அளக்கும் முனையை அதன் அருகிலேயே பொருத்தினார். இன்னொரு மின்முனையைத் தனியே அடைத்துவைக்க, குயவரிடம் சொல்லி மெல்லிய மண் குவளை செய்து வாங்கினார். அதன் நுண்துளைகள் வழியே மின்சாரம் போகும். கரைசல்கள் எளிதில் கலக்காது. இது ஓடினால் பி.எஸ்ஸி. வகுப்புக்குச் சோதனையை அவரே நடத்தலாம். ஓடாவிட்டால் பழையபடி பிப்பெட் கழுவவேண்டியதுதான். துறைத்தலைவரோடு அப்படித்தான் பேச்சு.

ஓடவில்லை. “சட்டி பானையெல்லாம் லேபுக்கு ஆகாதும்மா” என்று துறைத்தலைவர் எல்லார் முன்னும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா குவளையை எடுத்து மோந்து பார்த்தார். நல்லெண்ணெய் வாசம்!

அன்னவாசலில் அவர் வீட்டுக்குப் போய் விசாரித்தால், அக்காவின் ஆத்தா பெருமையாகச் சொன்னார்: “புதுச் சட்டிய அப்புடியேவா காலேசுக்குக் கொண்டுபோவ? கஞ்சி ஊத்தி, எண்ணெ தடவி, நல்லாப் பழக்கித்தான் குடுத்தேன்.” துளையெல்லாம் அடைபட்டுப் போயிருந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “வாடி, வேற ஒண்ணு வாங்கியாருவோம். அத ஆத்தா கண்ணுலயே காட்டப்படாது.”

மறுவாரம் புதுக் குவளையை வைத்து, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டைக் கையாலேயே நகர்த்தி நகர்த்தி, அழுத்தம் இம்மியும் விலகாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தக் காலத்தில் அழுத்தத்தைத் தானே பிடித்துவைக்க ஒரு பெட்டி வந்துவிட்டது. அன்று எல்லாம் அக்காவின் கைதான். கரைசலின் நீலம் வெளுத்தது. வலையில் துளிக் கறுப்பில்லாமல் செம்பு பளபளத்தது. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

“நல்லாத்தாம்மா வந்திருக்கு. இனிமே லெக்சரர் க்ளாஸுக்கு நடத்தட்டும். நீங்க கூட நின்னு எடுத்துக் குடுங்க” என்றார் துறைத்தலைவர்.

படிந்த செம்பு திரும்பக் கரைந்துவிடாமல், அக்கா மின்சாரம் ஓடும்போதே வலையைத் தூக்கிக் கழுவினார், முறை தவறாமல். பிறகு குவளையை அலசித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். “இது நான் வாங்குனது சார். நான் நடத்துறதா இருந்தா இங்க இருக்கும். இல்லாட்டி மெட்ராஸ் கலம் வரட்டும். வாரேன்.”

வகுப்பை அக்காதான் நடத்தினார். லெக்சரர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார்.