அம்மாவுக்கு வந்த மலையாளச் செய்திகள்

கொச்சியில், மட்டாஞ்சேரியில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில் வெந்நீர் வரும். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்தது. எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குத்தான் வெந்நீர். இங்கே வந்து வருடங்களாகியும், டம்ளரை வாங்கும்போது எனக்கு என்ன நோய் என்று ஒரு கணம் யோசிக்கிறேன். அன்று காலையும் அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அலுவலகத் தொலைபேசியில் டயாலிசிஸ் மையத்து நர்ஸ் அழைத்தார்.

எங்கள் அலுவலகம் பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருக்கிறது. அந்த மையத்துக்காகச் செய்த மென்பொருளை முந்தின நாள்தான் நிஜப் பயன்பாட்டுக்கு விட்டிருந்தோம். நாளைக்கு மையத்தில் மின்சாரம் இருக்காது என்பதால், நாளை வரவேண்டிய நோயாளிகளை இன்றே வரச்சொல்லிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. "ஆர்க்கும் மெசேஜ் கிட்டியிட்டில்லா," யாருக்கும் செய்தி கிடைக்கவில்லை என்றார் நர்ஸ். ஒவ்வொருவராகக் கூப்பிட்டும் பாதிப் பேர் போனை எடுக்கவில்லையாம். முறை தள்ளிப்போனால் மூச்சு வாங்கும் உடம்புகள் அவை. கணினியோ, எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்ததாகச் சாதித்தது. உடன் வேலை செய்யும் ஷாஹினா குறுஞ்செய்தி நிறுவனத்தைத் திட்டினாள். துணைக்கு நானும் திட்டினேன்.

அப்போது கோவில்பட்டியிலிருந்து அம்மா வாட்ஸப்பில் அழைத்தாள். "ஏய்யா, காலைல இருந்து மெசேஜா விழுது. எல்லாம் மலையாளம். ஒனக்கு ஒண்ணும் இல்லையே?"

சட்டென்று உறைத்தது. இடத்துக்கு இடம் மாறும் விவரங்களை நிரலுக்கு வெளியே தனியாக வைப்போம். என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். சோதனை நாட்களில் நோயாளிகளைத் தொந்தரவு செய்யாமல் எல்லாச் செய்தியும் ஒரே எண்ணுக்குப் போகும்படி அதில் ஒரு வரி உண்டு. கிடங்குச் சுவருக்குள் எங்கள் போன்களுக்குச் சிக்னல் கிடையாது; வைஃபையில் வாட்ஸப் மட்டும் வரும். அதனால் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். செய்தி விழுந்ததும் "வந்துட்டுய்யா" என்று அழைத்துச் சொல்வாள். பிள்ளை வேலையில் இருக்கிறான் என்பதற்கு அவளுக்கு அதுவே அடையாளம். சோதனை விவரங்களை அப்படியே நகலெடுத்து நிஜக் கணினியில் ஏற்றியபோது, அம்மாவும் கூடவே ஏறிவிட்டாள்.

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினேன். "இப்பவும் வருதேய்யா," என்றாள் அம்மா.

"ரீஸ்டார்ட் செய்தோ சேட்டா?" என்று மெல்லக் கேட்டாள் ஷாஹினா.

செய்யவில்லை. தொடங்கும்போது எதைப் படித்ததோ அதையே பிடித்துக்கொண்டிருக்கும் நிரல். மறுபடி தொடங்கினால்தான் மாற்றம் தெரியும். சிவப்புத் தண்ணீருக்குப் பழகாத நானும் ஏறக்குறைய அந்த ரகம்தான். மறுபடி தொடங்கி அனுப்பினேன். மதியம் நர்ஸ் அழைத்து, எல்லாரும் ஒன்றாக வந்துவிட்டார்கள், கட்டில் போதவில்லை என்று கடிந்துகொண்டார். அந்த ஏச்சு அவ்வளவு இனித்தது.

மறுநாள் மாலை அம்மா அழைத்தாள். "இன்னைக்கு ஒண்ணுமே வரலையேய்யா. வேலைக்குப் போகலையா?"

சோதனைக் கணினியைத் திறந்து ஒரு செய்தி அனுப்பினேன்.

"வந்துட்டுய்யா. என்ன போட்டிருக்கு?"

"தவறாம வரச்சொல்லிப் போட்டிருக்கும்மா."

"யாரை?" என்றாள்.