வெட்டிப்போட்ட மூச்சு

எங்கள் வானொலி நிலையம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவுக் கீல், மின்விசிறி, மைக் தாங்கி என்று எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்னும். ஒலிப்பதிவு அறைக்குள் மட்டும் அது வராது. கதவைச் சாத்தினால் கடல் இல்லை, லாரி இல்லை, நிலக்கரித் தூசி இல்லை. மாதத்துக்கு ஆறு நாள் மட்டுமே கூப்பிடப்படும் தற்காலிக அறிவிப்பாளனாக இத்தனை வருடம் நான் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த அமைதிக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நேயர்கள் தொலைபேசியில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. ஞாயிறு யாரும் கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து, கறி அடுப்பில் ஏறி, மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் வீட்டுக்கு வீடு அந்த நிகழ்ச்சிதான் ஓடும். புதிதாகக் கேட்பவர்கள் நேரலை என்று நினைப்பார்கள். இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அழைப்புகளைப் பதிவு செய்து, அன்றைக்கே திருத்தி வைத்துவிடுவோம். திங்கட்கிழமை மூலப்பதிவுகளை அழித்துவிடுவோம். கணினியில் இடம் இல்லை.

திருத்துவது என் வேலை. திரையில் குரல் மலைமலையாக நிற்கும். இரண்டு மலைக்கு நடுவே சின்ன மேடு தெரிந்தால் அது மூச்சு. இழுத்துப் பிடித்து ஒரு தட்டு. மேடு போகும், மலைகள் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். இருமல், செருமல், ‘ம்ம்’ எல்லாம் அப்படித்தான் போகும். எங்கள் ஊர்க் கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கும்போது அடியின் நடுவில் மூச்சு வாங்கினால் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வையோடு வளர்ந்தவன் நான். மூச்சு ஒரு பிழை. அதை என்னைப்போல் சுத்தமாக எடுக்க அந்த நிலையத்தில் வேறு ஆள் கிடையாது.

சனிக்கிழமை தவறாமல் ஒருவர் கூப்பிடுவார். சங்கு குளிக்கிறவர். படகிலிருக்கும் எந்திரம் குழாய் வழியாகக் காற்றை இறக்க, அந்தக் குழாயைக் கவ்விக்கொண்டு கடலின் அடித்தரையில் சங்கு பொறுக்குகிறவர். கரையேறியதும் நேராக எங்களுக்குத்தான் போன்.

“அண்ணாச்சி, இன்னைக்காவது எம் பாட்டப் போடுவியளா, இல்ல தேய்ஞ்சு போச்சும்பியளா?”

“யாருக்காகப் போடணும்?”

“எல்லாம் எம் பெஞ்சாதிக்குத்தான். கோவத்துல இருக்கா. நான் பாடுனா இன்னும் கூடிரும், நீங்களே போட்டு விடுங்க.”

இந்த மூன்று வரிக்குள் ஏழெட்டு இடத்தில் நிற்பார். முதலில் சின்னச் சின்ன மேடுகள். ஐந்தாறு மாதத்தில் அவை நீண்டன. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம். எனக்கு வந்தது எரிச்சல்தான். அவர் ஒருவருக்கு மட்டும் அரைமணி நேரம் போகிறதே என்று. ஒருமுறை கேட்கவும் செய்தேன், ஏன் இப்படி இரைக்கிறது என்று. “குளிச்ச கையோட பேசுதம்லா” என்றார். அந்தக் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே வெட்டினேன். ஞாயிறு காலை அவர் குரல் கழுவி வைத்த சங்குபோல் இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மேலே ஏறி வந்தவர் படகின் விளிம்பைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். குழாயில் காற்று சரியாகத்தான் வந்துகொண்டிருந்தது என்றார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த ஞாயிறு, ஒன்பதரை மணிக்கு அவர் மனைவி நிலையத்துக்கு வந்தார். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கையில் ஒரு மெமரி கார்டு.

“அவுக குரல் ஒங்ககிட்ட இருக்கும்லா அண்ணாச்சி? அவுக போன் கடல்ல போச்சு. எங்கிட்ட இருக்கது பட்டன் போனு, அதுல ஒண்ணுமில்ல. பிள்ளைக்கி அப்பா குரல்னு ஒண்ணாவது வேணும்.”

ஒலிபரப்பான பதிவுகளை வைத்திருந்தோம். திருத்தும் அறையில் உட்காரவைத்துக் கடைசிப் பதிவைப் போட்டேன். எம் பெஞ்சாதிக்குத்தான், கோவத்துல இருக்கா. குழந்தை ஒலிபெருக்கிப் பெட்டியை எட்டிப் பார்த்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். முடிந்ததும் கேட்டார்:

“இழுப்பு எங்க?”

எனக்கு விளங்கவில்லை.

“கடைசி நாலஞ்சு மாசம் ராத்திரியெல்லாம் இழுக்கும். தலகாணிய அண்டக் குடுத்து உக்காந்தே தூங்குவாக. இதுல இல்லியே?”

சொன்னேன். மூச்சை எடுத்துவிடுவோம், கேட்க நன்றாக இருக்கட்டும் என்று எல்லோருக்கும் செய்வதுதான் என்று.

குழந்தையின் கை மைக் வயரைப் பிடித்து இழுக்க, அதை மெல்லப் பிரித்துவிட்டார்.

“கோவம் எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா? பெரியாசுபத்திரிக்கி வாங்கன்னு கூப்பிடுவேன். வர மாட்டாக. ஞாயித்துக்கெழம இந்த ரேடியோவ எங் காதுகிட்ட கொண்டாந்து வச்சி, ‘ஏளா கேளு, எங்கயாவது இரைக்கா? ஒனக்குத்தான் கிறுக்கு’ன்னு சிரிப்பாக. நானும் கேப்பேன். இரைக்காது. வீட்டுல ஒரு மாதிரி இருக்கு, ரேடியோவுல சரியாயிருதேன்னு நானும் நம்புனேன்.”

மூலப்பதிவு ஏதாவது மிச்சம் இருக்குமா என்று தேடினேன். இல்லை என்று தெரிந்தே தேடினேன். திரையைப் பார்த்துக்கொண்டிருக்க அது ஒரு காரணம். அவ்வளவுதான்.

“விடுங்க அண்ணாச்சி. இதையே ஏத்திக் குடுங்க. பிள்ளைக்கி வித்தியாசம் தெரியாதுல்லா.”

ஏற்றிக் கொடுத்தேன். முந்தானை முனையில் முடிந்துகொண்டார். வெளியே நடைக்கு வந்தபோது பத்து மணி. சுவரில் மாட்டிய ஒலிபெருக்கியில் எங்கள் முகப்பிசை போய், அந்த வாரத்தின் முதல் அழைப்பு வந்தது. ஓர் ஆண் குரல், தங்கு தடையில்லாமல் தன் அக்கா பிள்ளைகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டு போனது.

அவர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இவுக எந்தூரு?”

“திரேஸ்புரம்தான்.”

“சங்குக்குப் போறவுகளா?”

ஆமாம் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். முந்தைய நாள் சாயங்காலம் அந்தப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே அந்த மனிதர் எத்தனை முறை நின்றார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எனக்கு மட்டும் தெரியும். மூலப்பதிவை அழிக்கும் திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. நான் உள்ளே போய் அந்த மனிதரின் தொலைபேசி எண்ணைத் தேடினேன்.