இணைச்சீருக்கு நான் நிற்கவில்லை

அந்தப் புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை. கீழ் மூலையில் மட்டும், விரல் உயரத்துக்கு, பனியில் நிற்கும் ஒரு சாமுராய். வசனம் கிடையாது. அடுத்த பக்கத்தில் வாள் உறைக்குள் போயிருக்கும்; எதிரில் நின்றவன் சரிந்துகொண்டிருப்பான். வெட்டு எங்கே விழுந்தது என்று இரண்டு பக்கங்களையும் மாறி மாறித் தேடியிருக்கிறேன். இந்த ஜப்பானியப் பழிவாங்கல் படக்கதைகளைக் கல்லூரி நாட்களிலிருந்தே பைத்தியமாகப் படித்தவள் நான். நம் கணக்கில் கடைசிப் பக்கம்தான் அவற்றுக்கு முதல் பக்கம். வாங்கிக் கொடுத்தது அண்ணன். கணபதிப் பகுதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தான். வேலையாக டவுனுக்குப் போனால் ஒரு புத்தகத்தோடு வருவான். "இந்தா அம்மணி, உன்ற வெட்டுக்குத்து" என்று மேசையில் போடுவான்.

என்னை இழுத்தது ரத்தம் இல்லை, பொறுமை. அவமானப்பட்டவன் பத்து வருடம் வாயைத் திறக்கமாட்டான். மழையில் நடப்பான், சோறு தின்பான், காத்திருப்பான். எங்கள் ஊர்ப்பக்கம் கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொல்லவேண்டும். சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் விழுங்கிப் பழகிய எனக்கு, அந்த மௌனத்துக்கும் ஒரு முடிவு உண்டு என்பது தித்தித்தது. வாளை உருவுமுன் அவன் எதிரியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்வான்: இன்ன நாளில் எனக்கு நீ இன்னது செய்தாய். அந்த வாக்கியத்துக்காகவே நான் முந்நூறு பக்கம் படிப்பேன்.

தாராபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். புள்ளைக்கு என்ன பொழுதுபோக்கு என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டான். "இன்னும் பொம்மை புக்குதானுங்க. அதையும் கடைசிப் பக்கத்துலருந்து படிக்குமுங்க." கூடமே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஜாதகம்தான் காரணம் என்றார்கள். எனக்குக் காதில் அந்தச் சிரிப்பு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. காத்திருப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு வருடம் எதுவும் நடக்காததுபோல அண்ணனோடு பேசினேன், சிரித்தேன், அவன் வாங்கிவந்த புத்தகங்களையும் கூச்சமில்லாமல் படித்தேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்யவேண்டிய சீர். அவனுக்கு இருந்தது நான் ஒருத்திதான். கூப்பிட ஆள் வந்தபோது, தலைவலி, என்னால் முடியாது என்று மண்டபத்து அறையைத் தாழிட்டுக்கொண்டேன். அம்மா அழுதாள். பெரியம்மா திட்டினாள். கடைசியில் மாலையும் உருமாலைத் தலைப்பாகையுமாக அவனே வந்து கதவைத் தட்டினான்.

"அம்மணி, தலைவலி இல்லைன்னு எனக்குத் தெரியும். நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்? சொல்லு கண்ணு, காலைத் தொட்டு வேணாலும் கேட்டுக்கறேன்."

இரண்டு வருடமாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. பொம்மை புக்கு என்று சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் அது. நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே, வாசலில் மாலையோடு நிற்பவனிடம் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. அப்போதே கதவைத் திறந்திருக்கலாம். திறந்தால் காரணம் சொல்லவேண்டும். பெரியப்பா மகள் எனக்குப் பதிலாக நின்றாள். சீர் முடிந்து கொட்டு முழங்கியதை உள்ளே உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொடுத்தது, என் கல்யாணத்துக்கு அலைந்தது, எதிலும் குறை வைக்கவில்லை. அந்தக் கதைகளின் மேல் நான் பழி போடவும் முடியாது. அவற்றில் வரும் யாரும் வாசலில் வந்து மன்னிப்புக் கேட்டு நின்றவனை வெட்டியதில்லை. அந்த அற்பத்தனம் முழுக்க என்னுடையது.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். இணைச்சீர்ப் படம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஏனுங்கத்தை, அப்பா பக்கத்துல வேற யாரோ நிக்கறாங்க. நீங்க எங்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "அத்தைக்கு அன்னிக்கு நல்ல காய்ச்சல் கண்ணு. பாவம், எந்திரிக்கவே முடியல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.