ரேடியோவில் பெய்யாத மழை

ஆடி நோம்பிக்கு உங்கள் அத்தை கும்மி பாடும்போது நடுவில் சில இடங்களில் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் தட்டுகிறாளே, வயசாகிப் பாட்டு மறந்துவிட்டதா என்று கேட்டீர்கள். என் அக்காவுக்கு ஒன்றும் மறக்கவில்லை. அந்த வரிகளைச் சர்க்கார் யுத்தத்துக்காக வாங்கிக்கொண்டது. திருப்பிக் கொடுக்க மறந்தது சர்க்கார்தான்.

யுத்தம் நடந்த வருஷங்களில் எங்கள் ஊர்ச் சாவடியில் ஒரு ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பள்ளிபாளையம் போய்வருகிறவர்கள் சொல்லும் செய்தியில் பொய் அதிகம் என்று சர்க்காருக்குக் கவலை. பொய்யை நேராகவே அனுப்பிவிட்டால் நடக்கிறவனுக்குக் கால்வலி மிச்சம் அல்லவா? பெட்டிக்கான சாவி மணியக்காரர் மடியில் இருந்தது. ஊருக்குத் தீர்வை வசூலிக்கிற அவரே, ஊர் எந்தச் செய்தியைக் கேட்கலாம் என்பதையும் பார்த்துக்கொண்டார்.

அந்த ரேடியோ நிலையத்திலிருந்துதான், ஆடிக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் வந்து கும்மி பாட வேண்டும் என்று கேட்டார்கள். குடித்தனக்காரர் வீட்டுப் பெண்கள் பட்டணத்துக்குப் போய்ப் பாடுவதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. மணியக்காரர்தான் தீர்த்துவைத்தார்.

"போய்ட்டு வரட்டுமுங்க. ஆனா ரேடியோவுல நம்மூர்ப் பேரு வரோணும். வரலீன்னா, நோம்பிக்கு மொதப் பாட்ட வேற ஆரையாச்சும் பாடச் சொல்லிக்கலாம்."

நோம்பிக் கும்மியில் முதல் பாட்டு உங்கள் அத்தையுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அதற்குப் பதிலாக அவள் புருஷன், உங்கள் மாமாவின் கறவை எருமையைக் கேட்டிருந்தால் ஓட்டிக்கொண்டு போங்கள் என்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்திருப்பாள்.

நான் எட்டாவது வரை படித்தவன் என்பதால் பாட்டை எழுதிக்கொண்டு மாமாவோடும் பெண்களோடும் கூடப் போனேன். ரேடியோ நிலையத்தில் பாட்டைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆபீசர் இருந்தார். நல்ல மனிதர், எங்களுக்குக் காப்பி கொடுத்தார். காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் சிவப்புப் பென்சிலால் பாட்டை முடித்துவிட்டார்.

பாட்டு இப்படித் தொடங்கும்:

மேற்கே கறுத்ததடி மழைமேகம் – நம்ம
ஆத்துத்தண்ணி ரெண்டு கரை மீறிப் போகும்

யுத்த காலத்தில் எங்கே மழை என்று ரேடியோவில் சொல்லக் கூடாதாம். சொன்னால் எதிரி அதைக் கேட்டு ஆகாய விமானத்தை அனுப்பத் தோதான நாள் பார்ப்பானாம். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்றும் சொல்லக் கூடாது. அடுத்த வரியில் பாலம் இருந்தது. பாலத்தைப் பற்றிப் பேச்சே கூடாது. கடைசியில் ஊர்ப் பேர். எந்த ஊரில் இத்தனை பெண்கள் பயமில்லாமல் கும்மியடிக்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆவது? அதையும் அடித்தார். மழை, ஆறு, பாலம், ஊர் எல்லாம் போனபின் தொடக்கத்தில் 'மேற்கே கறுத்ததடி'யும் அப்புறம் 'நம்ம' என்ற ஒரு சொல்லும் மட்டும் பத்திரமாக இருந்தன. கறுத்தது எது, யாருடைய 'நம்ம' என்று எதிரி கண்டுபிடிக்கட்டும்.

அக்கா காப்பி லோட்டாவைக் கீழே வைத்தாள்.

"ஏனுங் சாமி, எங்கூர்ல மழ பேஞ்சா அது வானத்துல தெரியாதுங்களா? வானத்துலயே வாரவன், உங்க பொட்டியக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கோணுமாக்கும்?"

ஆபீசர் சிரித்தார். சட்டம் சிரிக்கவில்லை. அடித்த வரிகளை விட்டுவிட்டு மேலே பாடும்படி சொன்னார். அங்கேதான் அவருக்குக் கும்மி தெரியாது என்பது தெரிந்தது. கும்மியில் வரியை விடலாம், அடியை விட முடியாது. வட்டமாகச் சுற்றி வருகிறவர்கள் ஓர் அடியைத் தாண்டினால் ஒருத்தி கை இன்னொருத்தி முதுகில் விழும். அதனால் வரி போன இடமெல்லாம் தட்டியே தீருவோம் என்று அக்கா சொல்லிவிட்டாள். ஆபீசர் யோசித்துப் பார்த்து, கை தட்டுவதற்குத் தடை ஏதும் எழுதப்படவில்லை என்று அனுமதி கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் பாட்டு. ஊர்ப் பேர் வராது என்பதை மணியக்காரரிடம் சொல்லும் புண்ணிய காரியத்தை மாமா எனக்கு ஒதுக்கி, முன்கூட்டியே ஊருக்கு ரயிலேற்றினார். சொன்னேன். மணியக்காரர் கேட்டுக்கொண்டு, தாசில்தாரிடம் பேர் வரும் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, எனவே வரும் என்றார்.

சாயங்காலம் சாவடி முன்னால் ஊரே கூடிவிட்டது. சர்க்கார் ரகசியமாக வைத்திருந்த மழையும் வந்துவிட்டது. சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். பெட்டியிலிருந்து அக்கா குரல் கேட்டதும், ஊரிலிருந்த பெண்களுக்கு உட்காரத் தோன்றவில்லை. பெட்டியைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். கும்மியைக் காதால் மட்டும் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

"மேற்கே கறுத்ததடி" என்றாள் அக்கா. பிறகு வெறும் தட்டு. ஆனால் வட்டத்தில் இருந்தவர்கள், எடுத்துக் கொடுப்பவள் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்து, எப்போதும் செய்கிற மாதிரி வரியைத் தாங்களே வாங்கிப் பாடிவிட்டார்கள். மழை வந்தது, ஆறு வந்தது, பாலம் வந்தது. கடைசித் தட்டுக்கு ஆண்களும் சேர்ந்து ஊர்ப் பேரைச் சொன்னதில் சாவடி ஓட்டிலிருந்த புறாக்கள் மழையில் பறந்தன.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் மணியக்காரரைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார்.

"பேரு வந்துச்சா இல்லீங்களா? வந்துச்சு. பொட்டிக்கு உள்ள இருந்து வந்துச்சா, வெளிய இருந்து வந்துச்சாங்கறத ஆபீசரு பாத்துக்கட்டும்."

தாசில்தாரிடமும் பேர் வந்தது என்றே சொன்னார். தாசில்தாருக்கு ரேடியோ கேட்கும் வழக்கமில்லை என்பதால் அவரும் நம்பினார்.

அக்கா ஊருக்கு வந்து நடந்ததைக் கேட்டுக்கொண்டாள். நோம்பியன்று வழக்கம்போல வட்டத்தின் நடுவே வந்து முதல் பாட்டை எடுத்தாள். மழை வரியில் வாயை மூடிக்கொண்டு தட்டினாள். ஊரே பாடியது. ஆற்றுக்கும் பாலத்துக்கும் அப்படியே.

அதற்குப் பின் யுத்தம் முடிந்தது. மழையைப் பற்றி இப்போது யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று நானே அவளிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஆபீசரு வந்து சொல்லட்டும் தம்பி. நாம எதுக்குச் சட்டத்த மீறோணும்?" என்றாள்.

அதனால் அடுத்த நோம்பிக்கு அத்தை தட்டும்போது நீங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பாடுங்கள். ஊர்ப் பேரை நான் இங்கே எழுதவில்லை, உங்களுக்குத்தான் தெரியுமே.