காப்புக் கட்டிய பிறகு வந்த இறுதிப் போட்டி

முழங்கால் மக்கர் செய்யும்வரை எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு வலதுபுறம் ஓடினேன். பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. பந்து எங்கே வரும் என்று பார்க்கும் கண்ணை மாரியம்மன் கொடுத்திருந்தாள்.

அந்த ஆடியில்தான் முதல்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்தோம். ஆட்டம் சேலத்தில், எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை முடிந்த பிறகு என்றார்கள். அதை நம்பி நானும் பாதி அணியும் தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டோம். மைதானத்தில் பொருட்காட்சி போடுகிறார்கள் என்று ஆட்டத்தை முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. போகாவிட்டால் கோப்பை எதிரணிக்கு.

"வெரசாப் போயிட்டு வந்துட்டா ஆத்தா கோவிச்சுக்குவாளாங்க?" என்றான் தறி ஓட்டும் எங்கள் கோல்கீப்பர்.

"அவ கோவிச்சுக்க மாட்டா சாமி. தீக்குண்டத்துல எறங்கறப்ப உனக்குத்தான் கால் நடுங்கும்."

எதிரணிப் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். ஆடிய காலத்தில் என் சட்டையை இழுத்தே பிழைத்தவர்.

"ஏனுங்க, எங்கூருக்கு வந்து ஆடுவீங்களா?"

"பயமாங்க?"

"தோக்கறதுன்னா உங்க ஊட்டு வாசல்லயே வந்து தோப்பேனுங்க. காப்புக் கட்டியாச்சு."

"அத மொதல்ல சொல்லக்கூடாதுங்களா? கமிட்டிக்கிட்ட நான் பேசறேன். கூழு ஊத்துவீங்கல்ல?"

கமிட்டியும் ஒத்துக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்கினார்கள். நேராகக் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு, என் மனைவி ஊற்றிய கூழைக் குடித்தார்கள். "இன்னொரு சொம்பு ஊத்துங்கக்கா, ஓட மாட்டாங்க" என்றான் கோல்கீப்பர்.

ஓடினார்கள். முதல் கோலும் அவர்களுடையதுதான். இடைவேளையில் நான் பதறவில்லை. "உள்ள போவாதீங்க, ஓரக் கோட்டை ஒட்டியே ஓடுங்க" என்றேன். நான் வருஷக்கணக்காக ஓடிய அந்த வலதுபுறத்திலிருந்தே எங்கள் இரண்டு கோலும் விழுந்தன.

கமிட்டிக்காரர்கள் கோப்பையை என் கையில் கொடுத்தபோது எதிரணிப் பயிற்சியாளர் சிரித்தார். "அடுத்த வருசம் நாங்க காப்புக் கட்டிக்கறோம். நீங்க வாங்க."

"வாரோமுங்க. இந்தக் கோப்பைய வெக்கற எடத்துக்குப் பக்கத்துலயே இன்னொண்ணுக்கும் எடம் ஒதுக்கிட்டு வாரோமுங்க."