வேப்பிலை கட்டிய படலைக்குள் போனவர்

தனலட்சுமி காலமான செய்தி, பூசை முடிந்து நான் மாதா கோயில் படியிறங்கும்போது தொலைபேசியில் வந்தது. “ரீச்சர், அம்மா போட்டா” என்றான் அவர் மகன். ஓய்வுபெற்ற தாதி, துணுக்காயில் எங்கள் ஒழுங்கையில் நெடுங்காலம் குடியிருந்தவர். அவரை ‘மிஸி’ என்றழைத்த உங்களில் சிலருக்கு, நான் இதை எழுதுவது வியப்பாக இருக்கலாம். கருக்கலைப்பு விடயத்தில் நாங்கள் இருவரும் ஒருநாளும் உடன்பட்டதில்லை.

ஒருமுறை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. கொப்பளிப்பான் கண்ட வீட்டில் அம்மாள் நிற்கிறாள் என்பார்கள். வெளியார் உள்ளே போவதில்லை. தையல் தொழிற்சாலையில் வேலை செய்த சுகந்திக்குத்தான் அம்மாள் வருத்தம் என்றாள் தாய். ஊரார் இளநீரைப் படலையடியில் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். என்னோடு வந்த தனலட்சுமி மட்டும் வேலிக்கு மேலால் கொடியைப் பார்த்தபடி நின்றார். கொடி நிறைய ஈரத் துணி.

“உள்ளுக்கை வராதேங்கோ மிஸி, அம்மாள் நிக்கிறா” என்று தாய் ஓடி வந்தாள்.

“அம்மாள் நிக்கிற வீட்டிலை ஆரடி துணி தோய்க்கிறது? விலகு.”

பாயில் கிடந்த சுகந்தியின் உதடு வெளுத்திருந்தது. கருவைக் கலைக்க, யாரோ விற்ற குளிசைகளை விழுங்கியிருந்தாள். இரத்தம் நிற்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பொலிஸ் வரும். பிள்ளையை மறியல்லை போடுவாங்கள்” என்று தாய் காலைப் பிடித்தாள்.

“மறியல்லை இருந்தா போய்ப் பாக்கலாம். சுடலையிலை கிடந்தா?” என்றார் தனலட்சுமி.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் தாதி, “ஆர் இதுக்குக் காரணம்?” என்று விசாரிக்கத் தொடங்கினாள். “முதல் ரத்தம் ஏத்து பிள்ளை. உன்ரை கேள்வி எங்கையும் ஓடிப்போகாது” என்றார் தனலட்சுமி. சுகந்தி பிழைத்தாள். பொலிஸும் வந்தது, தாயின் அச்சம் வீணானதல்ல. “நான்தான் கொண்டு வந்தனான். என்ரை பேரையும் எழுதுங்கோ” என்று கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். “அது ஒரு உயிர், தனம். அதுக்கு வேறை பேர் வைக்க என்னாலை ஏலாது.”

“வைக்காதேங்கோ. கன்னியாஸ்திரிமாரிட்டைப் படிச்ச ஆள், நீங்கள் மாறவும் மாட்டியள். ஆனா அவளின்ரை உடம்பு ஊர்ப் பொதுக்கிணறில்லை, வாறவன் போறவன் எல்லாம் எட்டிப் பாக்க.”

“அப்ப அந்தச் சிசு?”

“அதை நினைச்சு எனக்கு நித்திரை வராது. அதுக்காக இவளைச் சாக விடட்டோ?”

அவருடைய தாய்க்கு, தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை பெற்ற கையோடு, இனிப் பிள்ளை பிறக்காதபடி சத்திரசிகிச்சை செய்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் வன்னிப் பேச்சு போய் மலையகப் பேச்சு வந்துவிடும். “எங்கம்மாவ யாருமே கேக்கலங்க, ரீச்சர்.” பெற்றே தீர் என்பவரையும் பெறாதே என்பவரையும் அவர் ஒரே பார்வையால் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

மரண வீட்டில் பந்தலுக்கு வெளியே ஓர் இளம்பெண் நின்றாள். பிரேதத்தைப் பார்க்க வந்தவளாகத் தெரியவில்லை. வெள்ளைக் கொடிகளைக் கண்டு திகைத்து நின்றாள்.

“மிஸியோடை கொஞ்சம் கதைக்க வேணும் எண்டு வந்தனான்.”

“மிஸி செத்துப்போனா. நீர் ஆர்ரை பிள்ளை?” என்றேன். எங்கள் ஊரில் புதியவரிடம் முதலில் கேட்பது அதைத்தான். அவள் முகம் இறுகிப்போயிற்று. “ஒண்டுமில்லை அம்மா” என்று சைக்கிளைத் திருப்பினாள். என் வீட்டைக் காட்டி, வரச்சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

தனலட்சுமி தன் படியேறியவர்களிடம் முதலில் கேட்டது, “இப்ப உனக்கு என்ன செய்யுது?” என்பதைத்தான். யாருடைய மகள், யாரால் என்று கேட்டதில்லை. என் விசுவாசத்தில் எதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவருடைய அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அதைக் கேட்க வேண்டிய, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண் இன்னும் வரவில்லை. மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ வீதியால் போகும்போதெல்லாம், வேலையை விட்டுவிட்டு, இறந்தவரின் வயதைச் சொல்லும்வரை நின்று கேட்கிறேன்.