காத்தும் பேட்டரியும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றது, ஒன்று என் அக்கா விட்டுப்போனது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். கூரை வேலை அப்படியில்லை. என் வீட்டுக்காரர் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஷெட்டு போட்ட காலத்தில் கீழேயிருந்து தகரம் ஏற்றிக் கொடுத்தவள் நான். ஆணி கோணலாக இறங்கினால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

அவர் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கடைசி மகனும் இரண்டாவது மருமகனும் ஒரே செட்டாக வேலை பார்க்கிறார்கள். மொட்டைமாடியில் சரிவாகப் பலகை அடித்து, அதன்மேல் ஓடு போலத் தெரியும் தார் அட்டையைப் பதிப்பதுதான் இப்போது எல்லாரும் கேட்பது. ஓர் அட்டைக்கு நான்கு ஆணி. சுத்தியல் பிடித்து இரண்டு பேருக்கும் மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆணி அடிக்கும் துப்பாக்கி, அவர்கள் பேச்சில் ‘கன்’, ஒன்று வாங்குவது என்று முடிவானது. எது என்பதில்தான் வம்பு. கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வந்து அடிப்பது வேண்டும் என்றார் மருமகன். பேட்டரியில் ஓடுவதுதான் என்றான் மகன்.

“குழாய இஸ்துகினு கூரமேல நடக்க நான் இன்னா தீயணைப்பு வண்டியா?”

“பேட்டரி கன்னு கர்லாக்கட்ட மாதிரி கீது. ஆணி அடிக்கறதா, தேகப்பயிற்சி பண்றதா?”

இருபது நாள் இருவருக்கும் பேச்சில்லை. பேட்டரி வந்தால் வேறு செட்டுக்குப் போய்விடுவேன் என்று மருமகன் என் மகளிடம் சொல்லிவிட்டார். செட்டு உடைந்தால் அக்கா தம்பி உறவும் உடையும். தீர்ப்பு என்னிடம் வந்தது. இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, ராயபுரத்தில் என் தோழி வீட்டு மாடியில் ஆளுக்குப் பாதி அடித்துக் காட்டுங்கள் என்றேன்.

முந்தின நாள் தோழிக்குப் போன் செய்தேன். எந்தச் சாமானையும் பேர் சுருக்கிச் சொல்வது எங்கள் வீட்டுப் பழக்கம்.

“மருமவன் காத்தோட வருவாரு. சத்தம் போடும், பயந்துக்காத. நடுவுல நடுவுல புஸ்ஸுன்னு மூச்சு வுடும். தண்ணி வடிச்சி வுட்டா அடங்கிடும்.”

“ஒம் மவன்?” என்றாள்.

“அவனுக்கு பேட்டரி. ஒரு மணி நேரம் தாங்கும், அப்பால படுத்துக்கும்.”

“இந்த ரெண்டு பேரையும் வெச்சிகினு எப்டிமே சிரிச்சிகினு பேசற?”

“பழகிப்போச்சி,” என்றேன்.

காலையில் போனால் படிக்கட்டை மறித்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு கையில் மாதா கோயில் தீர்த்தம், மறு கையில் சொம்பு நிறையக் கஞ்சி. மருமகன் முகத்தில் தீர்த்தத்தைத் தெளித்தாள். மகனை நாற்காலியில் உட்காரவைத்தாள். “நெஞ்சுல பேட்டரி வெச்ச புள்ள கூர ஏறக்கூடாது நைனா. கஞ்சி குடி.”

மருமகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அத்த, இன்னா சொல்லி வெச்சீங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேய் பிடிப்பதையும் நாங்கள் காத்து என்றுதான் சொல்வோம். சத்தமும் மூச்சும் தண்ணீரும் கம்ப்ரஸருக்கு என்று தொட்டுக் காட்டினேன். மருமகன் சுவிட்சைப் போட்டார். அது உறுமியதும் தோழி “சேசுவே” என்று என்மேல் சாய்ந்தாள்.

“மாமா, ஒனக்கு மந்திரிச்சது பத்தல,” என்றான் மகன்.

“நீ போயி சார்ஜ் போட்டுக்கடா.”

இருபது நாளில் அதுதான் முதல் பேச்சு.

மகன் குழாய்த் தொல்லை இல்லாமல் விறுவிறுவென்று அடித்துக்கொண்டு போனான். மருமகனின் குழாய் துணிக்கொடியில் மாட்டி, தோழியின் நைட்டி ஒன்றும் கூரை ஏறியது. ஆனால் பதினோரு மணிக்கெல்லாம் மகன் கன்னை இரண்டு கையாலும் பிடித்தான். சில ஆணிகள் தலை தூக்கி நின்றன. மருமகன் பக்கம் ஒவ்வோர் ஆணியும் ஒரே மாதிரிச் சத்தத்தோடு நேராக இறங்கியது. சாப்பிட இறங்கியபோது மகன் ஸ்பூன் கேட்டான். சோறு பிசைய விரல் மடங்கவில்லை. எனக்கு அது போதும்.

“காத்துதான் வாங்கணும்,” என்றேன். மகன் தட்டைப் பார்த்தான். மருமகன் மீசையைத் தடவினார்.

“தெனம் மத்தியானம் வரைக்கும் கன்ன புடிக்கறது எம் மவன். நீங்க குழாய பாத்துக்குங்க மாப்ள. அப்பால மாத்திக்குங்க.”

“அத்த, காத்து கேட்டது நானு.”

“அதான் வாங்கறமே. குழாய் எங்கெங்க மாட்டும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்.”

தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகனும் சிரித்தான். கொஞ்சம் பொறுத்து மருமகனும்.

கம்ப்ரஸர் வந்து ஐந்து மாதமாகிறது. செட்டு உடையவில்லை. ஆனால் தானே ஜெயித்ததாக மருமகன் சொல்லித் திரிகிறார். நான் எங்கே தோற்றேன் என்கிறான் மகன். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தேன். மருமகனின் பெண், என் பேத்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

“கண்ணு, இத சத்தமா படிச்சி காட்டு. ஒங்கப்பாவும் மாமாவும் வேலையில கீறப்பவே படி. வந்துட்டா ஆளுக்கு ரெண்டு வரிய அடிக்கச் சொல்லுவாங்க.”